மதலேனம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்த நாள்

“மாமா, எங்கம்மா எதுக்கு இவ்ளோ பேசுது?”

பல வருஷங்களுக்கு முன்னால் செசிலி என்னிடம் இதைக் கேட்டபோது நாங்கள் ஓடுகிற காரில் இருந்தோம். காதோரம் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். முன் சீட்டில் அவளுடைய அம்மா மதலேனம்மாள், ராயபுரத்தில் ஆரம்பித்த பேச்சைத் திருவொற்றியூர் நெருங்கியும் முடிக்கவில்லை. பதில் அந்த நேரத்தில்தான் எனக்கே பிடிபட ஆரம்பித்திருந்தது.

போன மாதம் அதே செசிலியிடமிருந்து வேலூருக்குத் தந்தி வந்தது. அம்மா காலமானாள் என்று இருந்தது. என் மனைவி ஞானம் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். அவள் முதலில் அழவில்லை. “இனிமே தம்பிக்கு யாருங்க சொல்லுவா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ராயபுரத்தில் ரயில் பாதை ஓரம் குடியிருந்தவர்களுக்கு மதலேனம்மாளைத் தெரியும். ஞானத்தின் தம்பி சவரிமுத்துவின் மனைவி. எனக்குத் தங்கை முறை. ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பற்றிக் கேட்டால் தெருவில் எல்லோரும் முதலில் சொல்வது அவள் வாயைத்தான். குழாயடியில் அவள் நின்றால் குடம் நிரம்புகிற சத்தம் கேட்காது என்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போதுகூட ஒருவர், “தெருவே அமைதியாயிடுச்சு சார்” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு எதற்குப் பயன்பட்டது என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பட்டணம் காலியானதே, அப்போது பெட்டி படுக்கையோடு வேலூர் போனவர்கள் நாங்கள். எனக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, திரும்பவில்லை. சவரிமுத்து எஞ்சின் டிரைவர், ரயில்வேயை விட்டு எங்கே போவான்? அவனும் மதலேனமும் ராயபுரத்திலேயே இருந்துவிட்டார்கள். ஞானத்துக்குத் தம்பியைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. வேலூரில் தயிர்க்காரியிடம்கூட, “எந்தம்பி மெயில் ஓட்றான்” என்று சொல்லுவாள். நான் ஓய்வுபெற்ற வருஷம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். பிறந்த இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும், எண்ணூரில் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அவளுடைய அப்பா எண்ணூர் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர்.

நாங்கள் வருகிறோம் என்றதும் சவரிமுத்து ஒரு கார் ஏற்பாடு செய்திருந்தான். துறைமுகத்தில் காண்டிராக்ட் எடுக்கும் ஒரு சிநேகிதருடைய பழைய கறுப்புக் கார். காலையில் கார் வந்தது. கொண்டுவந்து விட்ட டிரைவர் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, நிற்க முடியவில்லை என்று போய்விட்டார்.

மதலேனம் உடனே சொன்னாள். “அப்போ பஸ்ல போயிடலாம்க்கா. காத்தோட்டமா இருக்கும்.”

“இன்னாடி இது? வாசல்ல காரு நிக்குது, பஸ்ஸுல போறதா?” என்றாள் ஞானம். வேலூரில் இத்தனை வருஷம் பழகிய பேச்சு, பேசின் பிரிட்ஜ் தாண்டியதுமே அவள் நாக்கிலிருந்து கழன்று விழுந்துவிடும். “எந்தம்பி ரயிலே ஓட்றான். இந்தத் தகர டப்பாவ ஓட்ட மாட்டானா? யுத்தத்துல ரயில்வே லாரியும் ஓட்டுனவன்தானே?”

சவரிமுத்து சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, “ஓட்றேங்க்கா” என்றான்.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சவரிமுத்துவுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. நேரே இருப்பது பனிக்குள் இருப்பதுபோல் தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியவே தெரியாது. கண் பரிசோதனையில் தவறியதால் அவனை எஞ்சினிலிருந்து இறக்கி ஷெட்டுக்குள் வேலை கொடுத்திருந்தார்கள். இது அந்த வீட்டில் மதலேனத்துக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்குக்கூடத் தெரியாது. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் வாக்கு வாங்கியிருந்தான். எனக்கே வழியில்தான் தெரிந்தது.

மதலேனம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஞானத்துக்கு அது பொறுக்கவில்லை. “ஏண்டி, மாப்பிள்ளை இவரு கீறாரு. நீ முன்னாடி குந்துறே?”

“பின்னாடி குந்துனா எனக்கு வாந்தி வரும்க்கா. உங்க பொடவை மேலதான் வரும், பரவாயில்லியா?”

ஞானம் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கடல் தெரிகிற வலது ஜன்னல் அவளுக்கு, இடது ஜன்னல் செசிலிக்கு, நடுவில் நான். முன்னால் இருவர் தலைக்கும் இடையே எனக்குப் பாதை நன்றாகத் தெரிந்தது.

காசிமேட்டில் ஞானம் பிறந்த வீட்டு வாசலில் நிறுத்தினோம். வேறு யாரோ குடியிருந்தார்கள். மீன் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து கிளம்பியதும் மதலேனத்தின் பேச்சு சூடு பிடித்தது.

“தோ பாருங்க, லெப்ட்ல அந்தக் கட மொன. நம்ம கல்யாணத்துக்கு மூக்குத்தி இங்கதானே பாலிஷ் போட்டோம்? மொன நல்லா வெளிய வந்துகீது இப்போ.”

“ஆமா, லெப்ட்ல மொன” என்றான் சவரிமுத்து.

“எதுக்க ஒரு மாட்டு வண்டி. மெதுவா வருது. எங்கப்பாரு வண்டி மாறியே கீது.”

“எதுக்க வண்டி.”

ஞானம் என்னை இடித்தாள். “பாத்தீங்களா, இவளுக்கு மாட்டைப் பாத்தாகூட பழைய நெனப்பு வருது.”

“வரும்க்கா. ரைட்ல ஒரு சைக்கிள்காரன் போறான் பாருங்க, அவன் முதுகு அப்படியே உங்க சித்தப்பா முதுகு.”

“ரைட்ல சைக்கிள்.”

செசிலி அந்தக் கேள்வியைக் கேட்டது இப்போதுதான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் கரும்பலகை தெரியாத பிள்ளை தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டான். வெட்கம். பக்கத்துப் பையன் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவான் அல்லவா, அதைக் காதால் பிடித்துத் தானும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுதுவான். அவன் தலை பலகைக்கு நேராக இருக்காது, காது இருக்கிற பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். இத்தனை வருஷத்தில் அப்படிப் பல பிள்ளைகளை முன் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறேன். சவரிமுத்துவின் தலை மனைவி பக்கம் சாய்ந்திருந்தது. அவள் சொன்னதில் மூக்குத்தியையும் சித்தப்பாவையும் விட்டுவிட்டு, முனை, வண்டி, சைக்கிள் என்பதை மட்டும் எடுத்துத் திருப்பிச் சொன்னான்.

அது எஞ்சின்காரர்களின் பழக்கம். ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் சிக்னல் மரத்தைக் கைகாட்டி என்பார்கள். கை நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். கை இறங்கினால் போகலாம். எஞ்சினில் முன்னால் பாய்லர் நீண்டு கிடக்கும், வளைவில் கைகாட்டி ஒரு பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் தெரியும். கண்டவன் கூவ வேண்டும், மற்றவன் அதையே திருப்பிக் கூவ வேண்டும். திருப்பிச் சொல்லவில்லை என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். மதலேனம் பழைய நினைவு எதுவும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பாதையைக் கூவிக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூரில் நிறுத்தி சோடா குடித்தோம். ஞானமும் செசிலியும் சற்றுத் தள்ளி நின்றபோது நான் மதலேனத்தின் பக்கத்தில் போய், “எவ்வளவு தெரியும் அவனுக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பாதி” என்றாள். “அண்ணே, அக்காவுக்குத் தெரிய வேணாம். நான் கொண்டாந்து சேத்துடுவேன்.”

“திரும்பும்போது?”

“உங்களுக்கு வயித்து வலி வரும். நாம ரயில்ல போயிடுவோம்.”

என் வயிற்று வலியை அவளே தீர்மானித்துவிட்டாள்.

திருவொற்றியூர் தாண்டியதும் பாதை குறுகியது. வலது பக்கம் கடல், இடது பக்கம் மணலும் முள்ளும், அதற்கப்பால் தண்டவாளம். குப்பங்களிலிருந்து பிள்ளைகள் காரைப் பார்க்கப் பாதைக்கே ஓடி வந்தார்கள். மதலேனத்தின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “ரைட்ல பசங்க. ரைட்ல பசங்க பாருங்க, நம்ம செசிலி சின்னதுல இப்படித்தான் ஓடும்.” “ரைட்ல பசங்க.” கார் ஊர்ந்தது. நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று சொல்ல வாய் எடுத்து, எடுத்து, அவள் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டேன்.

எண்ணூர் நெருங்கும்போது ஞானம் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். கல்லறைக்குப் போகும் வழியில் செபமாலை சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம். ஒருவர் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்ல வேண்டும். அது நடக்கும்போது வேறு பேச்சு கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்த பிறகுதான் எழுந்து தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நானே கேலி செய்ததுண்டு.

ஞானம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். இனி மதலேனம் எப்படிப் பாதையைக் கூவுவாள்?

நாங்கள் பின்பாதியைச் சொன்னோம். மதலேனமும் சொன்னாள். நடுவில், ராகம் மாறாமல், “லெப்ட்ல ஆடு” என்று செருகினாள்.

“லெப்ட்ல ஆடு” என்றான் சவரிமுத்து, அதே ராகத்தில்.

செசிலி வெடித்துச் சிரித்துவிட்டாள். ஞானம் கண்ணைத் திறந்தாள்.

“மாதா பேரைச் சொல்ற வாயில ஆடா? இன்னாடி நெனச்சிகினு கீறே? எங்கம்மா மண்ணுல கால் வெக்கப் போறேன், பன்னெண்டு வருசம் ஆச்சு. ஒரு அஞ்சு நிமிசம் வாயைக் கட்டிக்கினு வர மாட்டே?” சொல்லும்போதே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தம்பி, நீயுமாடா?”

மதலேனம் திரும்பிப் பார்த்தாள். கணவனின் அக்கா அழுகிறாள். அதுவும் தாயை நினைத்து அழுகிறாள். அந்தக் குடும்பத்தில் வாழ்ந்த பெண் எவளும் அந்த நேரத்தில் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டாள். “மன்னிச்சிக்கோங்கக்கா” என்று முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காருக்குள் செபம் மட்டும்தான். முன்பாதி, பின்பாதி. சவரிமுத்து ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டு கண்ணை இடுக்கினான். மதலேனத்தின் கை கதவுக் கைப்பிடியை இறுக்கியிருந்தது. அவள் தலை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. நான், “ஞானம், கொஞ்சம் நிறுத்து” என்றேன். ஞானம் கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தி என்னை அடக்கினாள்.

பாதை இடது பக்கம் வளைந்தது. அங்கே தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். மதலேனத்தின் நினைவில் இருந்தது, பின்னால் அவளே சொன்னாள், அந்த வளைவுக்குப் பிறகு கேட் வரை நீண்ட நேர்ப்பாதை. கேட்டை இடம் மாற்றியிருந்தார்கள்; இப்போது வளைந்த உடனே ரயில்வே கேட் இருந்தது. கேட் சாத்தியிருந்தது. அதன் முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மூட்டைகளின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சவரிமுத்து வேகத்தைக் குறைக்கவில்லை.

“கைகாட்டி எறங்கல! எறங்கல!”

அது பெண்குரலாகவே இல்லை. எஞ்சினின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டிய குரல். சவரிமுத்துவின் கால் யோசிக்கவில்லை. பழக்கம் மிதித்தது. கார் கிறீச்சிட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. வண்டியின் பின்னால் தொங்கிய வைக்கோல் எங்கள் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. மேலே இருந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எறங்கல” என்று சவரிமுத்து தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னான்.

வண்டிக்காரன் குதித்து வந்தான். “யோவ், இன்னாய்யா? கண்ணு பொடனியிலயா கீது? குருட்டு முண்டம்! காரு வச்சிகினு கீறே, கண்ணு வச்சிகினு வரல?”

அதற்குள் ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்தது. ஞானத்தின் செபமாலை மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. அவள் வண்டிக்காரனைப் பார்க்கவில்லை. தம்பியின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தது. சவரிமுத்து வண்டியை எடுக்கவில்லை. மதலேனம்தான் கதவைத் திறந்து இறங்கினாள். பேச முயன்றாள், குரல் வரவில்லை. அந்த ஒரு கூச்சலில் தொண்டை போய்விட்டது. கையால் உப்பளத்தின் பக்கம் காட்டினாள்: நடந்து போகலாம். காரைத் தள்ளி ஓரமாக விட்டு, கேட் காவலரிடம் சொல்லிவிட்டு நடந்தோம்.

கல்லறைத் தோட்டத்துக்கு உப்புப் பாத்திகளின் நடுவே வரப்பு வழி. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மதலேனம் முன்னால், அடுத்து சவரிமுத்து, அவன் பின்னால் ஞானம், பிறகு செசிலியும் நானும். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. எனக்கே வரப்பு எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. மதலேனம் அடிக்கடி திரும்பிப் பார்த்து வாயசைத்தாள், காற்றுதான் வந்தது. சவரிமுத்து காலால் தடவித் தடவி நடந்தான். தண்ணீர் விடுவதற்கு வரப்பை வெட்டியிருந்த இடத்தில் மதலேனம் தாண்டிவிட்டுக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அது அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டான்.

பின்னாலிருந்து ஞானம் சொன்னாள்.

“தம்பி, எதுக்க மடை. ஒரு தாண்டு தாண்டு.”

சவரிமுத்து திரும்பவில்லை. பிறகு, “எதுக்க மடை. ஒரு தாண்டு” என்று சொல்லிவிட்டுத் தாண்டினான்.

“லெப்ட்ல தண்ணி. ரைட்டாவே வா.”

“ரைட்டாவே.”

கல்லறை வரை ஞானம் சொல்லிக்கொண்டே போனாள். அங்கே மண்டியிட்டு, அவன் விரலைச் சிலுவையின் மேல் வைத்து, “அப்பா பேரு அழிஞ்சுபோச்சு. அம்மா பேரு நல்லா கீது” என்றாள். மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு மதலேனத்தைப் பார்த்து, “என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள்.

மதலேனம் கரகரத்த குரலில் சொன்னாள்: “ஊரெல்லாம் எந்தம்பி மெயில் ஓட்றான்னு சொல்லிக்கினு கீறீங்களேக்கா. எப்படிச் சொல்றது?”

ஞானம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். செசிலி அப்பாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். அவள் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதிலை நான் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ரயிலில் திரும்பினோம்; காரை அந்தச் சிநேகிதரின் டிரைவர் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனார். சவரிமுத்து அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. பின்னால் ஒருநாள் மதலேனம் என்னிடம், “அன்னிக்கு நான் செஞ்சது தப்பு அண்ணே” என்றாள். “அவரு மானம் பெருசுன்னு நெனச்சேன். அந்த வண்டி மேல ரெண்டு பொம்பளைங்க குந்திகினு இருந்தாங்க. வாசல்லியே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்.” இதை அவள் யாரும் கேட்காமல் சொன்னாள். அவளுடைய வேடிக்கைப் பேச்சுகளைவிட இதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

சவரிமுத்துவின் கண் அடுத்த வருஷங்களில் முழுக்கப் போய்விட்டது. ராயபுரத்துத் தெருக்களில் அவர்கள் இருவரும் நடந்து போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவன் கையில் கோல் கிடையாது, அவள் அவன் கையைப் பிடிக்க மாட்டாள். அரை அடி முன்னால் பேசிக்கொண்டே போவாள். “கையைப் புடிச்சா அவரு மூட்டை அண்ணே. சொன்னா அவரு மனுசன். அவரே நடந்துக்குவாரு” என்பாள். வாயாடி என்று சொன்னவர்கள் அவள் பின்னால் வந்தவன் திருப்பிச் சொன்னதைக் கேட்கவில்லை.

அடக்கத்தன்று சவரிமுத்து பெட்டியின் பின்னால் நடந்தான். ஞானம் பக்கத்தில் நடந்தாள். “தோட்டத்துக் கதவு வந்துடுச்சு தம்பி. ஒரு படி.” “ஒரு படி.” “குழி பக்கத்துல நிக்கறோம். மண்ணு ஈரமா கீது, காலை ஊனி நில்லு.” அவன் திருப்பிச் சொன்னான்; குரல் உடையாமல் சொன்னான். மண்ணை அள்ளி எங்கே போட வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

இப்போது நானும் ஞானமும் ராயபுரத்திலேயே தங்கிவிட்டோம். மாலையில் சவரிமுத்துவோடு கடற்கரை வரை நடப்பது என் முறை. முதல் நாள் ஒரு கட்டுமரத்தைப் பற்றி நான் விவரித்துக்கொண்டே போனபோது அவன் நின்றுவிட்டான். “மாமா, நீங்க பாடம் எடுக்கறீங்க. நான் கல்லுல இடிச்சிகினேன். மதலேன் மாறி சுருக்கமா சொல்லுங்க.” தெருவிலேயே அதிகம் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவளிடமிருந்து நான் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்: எதிரே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், அவ்வளவுதான், பிறகு பதில் வருகிறவரை காத்திருப்பது.

உங்கள் வீட்டில் கண் மங்கிய ஒருவர் இருந்தால், நாளை மாலை அவரோடு தெருமுனை வரை நடந்து பாருங்கள். கையைப் பிடிக்காதீர்கள். எதிரே இருப்பதைச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.